ஊர்க்காவலன் பார்த்துவந்த ஐந்நூறு ஏக்கர்

முனியசாமி மகன் ஊர்க்காவலன், 1949–2009. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பிறந்தார். விருதுநகர்ப் பருப்பு வணிகர் நல்லசிவத்தின் கிட்டங்கியில், வந்திறங்கும் துவரை மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி மாதிரி எடுத்துத் தரம் சொல்லும் வேலை பார்த்தார். மனைவி வேலுத்தாய். ஒரே மகள் மாரிசெல்வி.

அவரைப் பற்றி எழுதப் புகும்போது அவருடைய நிலத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். பிறர் மானாவாரிக் காட்டில் கூலிக்கு உழுத முனியசாமி, துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த மூன்று ஏக்கர் கரிசல் அது. தகப்பனுக்குப் பின் மகன் அதில் துவரையும் கம்பும் விதைத்தார். 1998ஆம் ஆண்டு அதற்கு மேற்கே இருந்த பட்டாசுக் கம்பெனி தன் கொட்டகைகளை விரிவுபடுத்தியது. மருந்து கலக்கும் கொட்டகையைச் சுற்றி ஆளும் வீடும் இல்லாத வெளி இவ்வளவு தொலைவுக்கு இருக்க வேண்டும் என்பது வெடிபொருள் உரிம விதி. ஆகவே கம்பெனிகள் சுற்றுப்புற நிலங்களை வாங்கி வெறுமனே போடும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் விற்றுவிட்டார்கள். ஊர்க்காவலனுடைய காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையும் அந்த விற்பனையோடு போயிற்று. வேறு வழியில்லாமல் அவரும் விற்றார்.

அப்போது நான் சாத்தூரில் சார்பதிவாளராக இருந்தேன். பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அவர் கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது.

"ஐயா, வாங்குறவுக இதுல என்ன போடுவாக?"

ஒன்றும் போடமாட்டார்கள், காலியாக இருப்பதற்காகவே வாங்குகிறார்கள் என்றேன்.

"சும்மா போடுறதுக்கா இம்புட்டு ரூவா?" என்றவர், பேனாவை வைத்துவிட்டு வெளியே போனார். வேப்பமரத்தைச் சுற்றி நடந்தார். திரும்பி வந்து, உட்காராமல் நின்றபடியே கையெழுத்திட்டார். அந்தப் பணத்தில் மாரிசெல்விக்குத் திருமணம் நடந்தது.

அன்றுமுதல் அந்த மனிதர் ஓரிடத்தில் நின்றதில்லை. அச்சங்குளத்திலிருந்து விருதுநகருக்குப் பேருந்தில் போகும்போது இருக்கை காலியாக இருந்தாலும் படிக்கு அருகே நின்றுகொண்டு போவார். வழிநெடுகக் காடுகளைப் பார்த்து, யார் உழுதிருக்கிறார்கள், யார் தரிசாகப் போட்டுவிட்டார்கள் என்று கணக்கெடுப்பார். புரட்டாசியில் மேற்கே மேகம் திரண்டால் கிட்டங்கியில் அவர் கை மூட்டையில் இருக்கும். கால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கும். "மழ எனக்கா பெய்யப் போகுது?" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வாராம். அரைமணி கழித்து மறுபடியும் வாசலில் நிற்பாராம்.

வேலுத்தாய் அதே பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னும் பகுதியில் வேலை பார்த்தார். பகல் உணவுக்கு வெளியே வந்து உட்கார்ந்தால் கம்பிவேலிக்கு அப்பால் அந்த மூன்று ஏக்கர் தெரியும். மாலையில் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்வார்:

"உங்க காட்டுல இந்த வருசம் நல்ல வெள்ளாமை. சீமைக்கருவேலம் ஆளு ஒசரம் நிக்குது. அறுக்க வாரீகளா?"

"நீ பாக்காத."

"நான் எங்கன பாத்தேன்? அதுதான் என்னையப் பாக்குது."

ஒருமுறை ஊர்க்காவலன் வேலி அருகே போய் நின்றபோது, கம்பெனிக் காவலாளி கம்பை ஓங்கிக்கொண்டு ஓடிவந்து, புல்லுக்கு வந்த ஆடுகளோடு சேர்த்து அவரையும் விரட்டினான். உள்ளூர்ப் பையன்தான், அருகில் வந்து முகம் தெரிந்ததும், "பெரியப்பா, நீங்களா? கோவிச்சுக்கிடாதீக. யாரு வந்தாலும் வெரட்டச் சொல்லியிருக்காக" என்றான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கம்பை மறக்கவும் இல்லை.

விருதுநகர் வணிகர்களுக்கு ஆப்பிரிக்கா புதிய பெயரன்று. நம் துவரை அறுவடைக்கு முன்பே, ஆவணி புரட்டாசியில் டான்சானியா நாட்டிலிருந்து கப்பலில் துவரை வந்துவிடும். அந்நாட்டு நகரொன்றின் பெயரால் சந்தையில் அதற்கு 'அருஷா' என்றே பெயர். 2007ஆம் ஆண்டு வந்த லோடுகளில் கல்லும் ஈரமும் மிகுந்திருந்தன. சரக்கு கிளம்பும் இடத்திலேயே பார்த்து வாங்க ஓர் ஆள் வேண்டும் என்று நல்லசிவம் முடிவு செய்தார். அந்த ஆள் ஊர்க்காவலன் ஆனார். வடநாட்டுத் தரகர்களோடு பேசிப் பேசிச் சேர்த்த இந்தி அவருக்கு இருந்தது. மறு ஆண்டு, ஆடி பிறந்ததும் புறப்பட்டார்.

அருஷாவுக்குத் தெற்கே பபாட்டி என்னும் ஊர். அங்கே பிறந்து வளர்ந்த குஜராத்தித் தரகர் ஜிதுபாய் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றார். அங்குள்ள உழவர்கள் செம்மண் சரிவுகளில் மக்காச்சோளத்துக்கு ஊடே துவரை போடுகிறார்கள். சரிவு முடியும் இடத்தில், மலைக்கும் ஏரிக்கும் நடுவே, கண்ணுக்கு எட்டியவரை சமதரை. அதன் வழியாக லாரி போனபோது ஊர்க்காவலன் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். பூமி கறுப்பாக இருந்தது. பாளம் பாளமாக வெடித்திருந்தது. கையிலிருந்த குத்தூசியை ஒரு வெடிப்பில் விட்டார். பிடிவரை உள்ளே போயிற்று. கட்டியை உடைத்து முகர்ந்தார். நம் கரிசல்.

அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல் நின்றது. ஒரு மாடு இல்லை. ஒரு குடிசை இல்லை. உழுத சால் இல்லை. வேலியும் இல்லை, காவலும் இல்லை. நம் பகுதியில் பிறந்த ஒருவர் இப்படிப்பட்ட நிலத்தைக் கண்டால் ஒரே முடிவுக்குத்தான் வருவார். ஊர்க்காவலனும் வந்தார்.

"இந்த ஊர்க்காரவுக எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போறாக?" என்று ஜிதுபாயிடம் கேட்டார்.

ஜிதுபாய் சிரித்துவிட்டார். பபாட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனியும் கிடையாது என்றார்.

"அப்ப ஏன் நெலத்த இப்படிப் போட்டிருக்காக?"

இதில் யாரும் விதைப்பதில்லை, மழை பெய்தால் லாரி அச்சுவரை புதையும் என்றார் ஜிதுபாய். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் புல் ஏன் தின்னப்படாமல் நிற்கிறது என்று இவர் கேட்கவில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆளில்லாமல் போனதால்தான் புல் நிற்கும் என்பது நம் அனுபவம். அந்தக் கேள்வி இவருக்கு எழவே இல்லை.

ஊருக்குத் திரும்பியவர், மாதிரிப் பைகளைப் பிரிக்கும் முன்பே முதலாளியிடம் நிலத்தைப் பற்றிப் பேசினார்.

"நீரு துவரை பாக்கப் போனீரா, தரை பாக்கப் போனீரா?" என்றார் நல்லசிவம்.

"அண்ணாச்சி, நம்ம காட்டு மண்ணு. அப்படியே கெடக்கு. ஐந்நூறு ஏக்கர் ஒரே வீச்சா. மண்ணு தெரியாதவுக கையில இருக்கு. ஒரு கோடை உழவு போட்டு விதைச்சா, துவரை ஆளை மறைக்கும்."

"விலை?"

"அது தம்பிதான் விசாரிக்கணும்."

தம்பி என்றது நல்லசிவத்தின் மகன் ஹரிபிரசாத்தை. சென்னையில் வணிகவியல் படித்துவிட்டு வந்த நிதானமான இளைஞர். அவர் விசாரித்துச் சொன்ன முதல் செய்தி நல்லசிவத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. அங்கே ஓர் ஏக்கருக்குக் கேட்ட தொகை, அச்சங்குளத்தில் இரண்டு சென்ட் விலைக்கும் குறைவு. பருப்பு விலை ஏறிக்கொண்டிருந்த காலம். நல்லசிவம் அன்றே ஒரு வாக்குக் கொடுத்தார்: நிலம் கைக்கு வந்தால் ஊர்க்காவலன்தான் பண்ணைக்குப் பொறுப்பு, அதில் இருபது ஏக்கர் விளைச்சல் அவருக்கே, எதை விதைப்பது, எப்போது விதைப்பது என்பதில் யாரும் தலையிடமாட்டார்கள்.

இருபது ஏக்கர். முனியசாமி வாழ்நாள் முழுவதும் சேர்த்ததைப்போல ஏறக்குறைய ஏழு பங்கு. அந்த வாரம் ஊர்க்காவலன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார், எழுந்தார், சன்னலருகே போனார். "ஐயா, வில்லங்கம் போட்டுப் பாக்கணும்லா? அங்கன அதெல்லாம் உண்டுமா?" என்றார்.

ஹரிபிரசாத் அருஷா வழக்கறிஞரிடம் கேட்டறிந்தவற்றையும் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். அந்நாட்டில் நிலத்தைக் கிரயம் வாங்குதல் என்பதே இல்லை. நிலம் முழுவதும் நாட்டு மக்களுக்கு உரியது. குடியரசுத் தலைவர் அதன் பொறுப்பாளர். குடிமக்களுக்கே அனுபவ உரிமைதான். அயல்நாட்டவர் தொழில் முதலீட்டுக்காக மட்டும், முதலீட்டு வாரியத்தின் வழியாக, தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு மிகாமல் அதைப் பெறலாம். அதற்கு முதலில் அங்கே ஒரு கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டும். மூன்று லட்சம் டாலர் முதலீட்டுக்குத் திட்டம் காட்ட வேண்டும். அடுத்து, கிராம நிலமாக இருப்பதைப் பொது நிலமாக மாற்ற வேண்டும். கிராமக் குழு பார்த்த பிறகு, ஊர்மக்கள் எல்லாரும் கூடிய மன்றத்தில் ஒப்புதல் வேண்டும். அதன்பின் மாவட்டம், அமைச்சகம், அரசிதழ் அறிவிப்பு, ஆட்சேபம் கேட்டுக் காத்திருத்தல், அளவை, கல் நடுதல், வரைபடம், மதிப்பீடு, பதிவுக் கட்டணம், ஆண்டுதோறும் நிலவாடகை. ஏக்கர் விலை மலிவு. ஆனால் அந்த ஏக்கரை அடையும் வழி மலிவன்று. வழக்கறிஞர், அளவையாளர், விமானச் சீட்டு, அதிகாரிகள் களத்துக்கு வந்துபோகும் படி எனச் செலவு, நிலத்தின் விலையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பதிவு முறையில், ஒரு நிலம் யாருக்கு உரியது என்று கேட்க இடம் உண்டு. எந்த மாதத்தில் யாருக்கு என்று கேட்க இடம் இல்லை. அது நமக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

தொண்ணூற்றொன்பது ஆண்டு என்றதும் வேலுத்தாய் சொன்னது அச்சங்குளம் முழுவதும் பரவியது: "அப்ப உங்களுக்கு நூத்தம்பத்தெட்டு வயசாயிருக்கும். இப்பமே ஒரு ஊணுகம்பு வாங்கி வச்சுக்கிடுங்க."

"நீயும் வாரியா?"

"நான் எதுக்கு? அங்கன சரம் பின்ன ஆளு கேக்காகளா?"

அந்த ஆடி கடைசி வெள்ளிக்கு இருவரும் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போனார்கள். அவர் நிலம் கிடைக்க வேண்டிக்கொண்டார். வேலுத்தாய் என்ன வேண்டிக்கொண்டார் என்பதை அப்போது சொல்லவில்லை.

காத்திருத்தல் அவரை அரித்தது. கிட்டங்கியில் அவர் மூட்டை குத்துவதைவிட ஹரிபிரசாத்தின் மேசைக்கு நடப்பதே மிகுதியாயிற்று. "தம்பி, கல்லு ஊனிட்டாகளா?" "ஊனிட்டாங்கண்ணே. தற்காலிகக் கல்லுதான்." "ஊர்க் கூட்டம் என்னிக்கு?" "சொல்லுவாங்க." "மழைக்கு முன்ன கோடை உழவு முடிஞ்சிரணும் தம்பி. அங்கன கார்த்திகையில மழை எறங்கும்." "தெரியும்ணே, உட்காருங்க." உட்கார மாட்டார். எடைபோடும் ஆட்களும் கேலி பேசத் தொடங்கினார்கள். "ஏலே, பண்ணையாரு வாராரு, தராசத் தள்ளி வையி!" என்று ஒருவர் சத்தம் கொடுப்பார். ஊர்க்காவலன் காதில் அது விழாது. வீட்டில் நல்ல கலப்பைக்கு என்ன மரம் என்று பேசுவார். டிராக்டர் இருக்கும் என்று வேலுத்தாய் சொன்னால், "என் இருவதுக்கு மாடுதான்" என்பார்.

அக்டோபரில் தேதி வந்தது. ஹரிபிரசாத்தும் அவரும் சேர்ந்து சென்றார்கள். ஜிதுபாய் பபாட்டியிலிருந்து வண்டியில் அழைத்துப் போனார். சமதரைக்கு இறங்கும் வளைவு திரும்பியதும் ஊர்க்காவலன் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, நான் பாத்த நெலம் இது இல்ல."

முழங்கால் உயரம் நின்ற புல்லைக் காணவில்லை. கரிசல் முழுவதும் மாடுகள். திமில் பெருத்த, கொம்பு விரிந்த நூற்றுக்கணக்கான மாடுகள். தாழ்ந்த இடங்களில் ஊற்றுத் தோண்டி, பெண்கள் தொட்டிகளில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். புழுதி நின்றது. நடப்பட்ட அளவைக் கல்லில் ஒரு பசு கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஹரிபிரசாத் வரைபடத்தைப் பார்த்து, அதே கல்தான் என்றார். ஊர்க்காவலன் வண்டியைச் சுற்றி நடந்தார். இரவு தங்கிய இடத்திலும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஹரிபிரசாத் சொன்னார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தின் முன்பு ஊர்மன்றம் கூடியது. ஊர்த்தலைவர் டோமினிக், மேட்டுச் செம்மண்ணில் உழும் குடியைச் சேர்ந்தவர். மனுவைப் படித்துக் காட்டினார். பாதை போடப்படும், கூலி வேலை கிடைக்கும், துவரையை இங்கேயே உடைக்க ஒரு மில் வரும் என்று ஹரிபிரசாத் ஆங்கிலத்தில் சொன்னதைத் தலைவர் சுவாஹிலியில் சொன்னார். உழவர்கள் தலையசைத்தார்கள். அவர்கள் யாரும் அந்தக் கருமண்ணில் விதைத்தவர்கள் அல்லர்; போனால் அவர்களுக்கு இழப்பில்லை. நிலத்தைப் பார்த்தவர் பேசட்டும் என்றதும் ஊர்க்காவலன் எழுந்து, ஆடி மாதம் வந்தபோது புல் ஆளில்லாமல் நின்றதைத் தம் இந்தியில் சொன்னார். ஜிதுபாய் அதை மொழிபெயர்த்தார்.

ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்த மாட்டுக்காரர் குடும்பங்களிலிருந்து வயதான பெண் ஒருவர் சிரித்தார். தத்தோகா இனத்தவர் அவர்கள். அந்தப் பெண் எழுந்து பேசியதை ஜிதுபாய் இவர்களுக்குச் சொன்னார்.

"மேட்டில் எங்கள் மாடுகள் எலும்பு தெரிய நின்றபோதும் இந்தப் புல்லை நாங்கள் தொடவில்லை. கோடையின் கடைசி மூன்று மாதத்துக்கு வைத்தது இது. பெரியவர்கள் சொல்லாமல் ஒரு கன்றுகூட உள்ளே இறங்காது. இதற்குக் காவலே தேவைப்பட்டதில்லை. காவல் இல்லாததைப் பார்த்துவிட்டு உடையவரே இல்லை என்று இந்தப் பெரியவர் நினைத்துவிட்டாரா?"

மன்றத்தில் பலர் சிரித்தார்கள். ஊர்க்காவலன் சிரிக்கவில்லை.

ஹரிபிரசாத் நேர்மையாகவே ஒரு வழி சொன்னார். துவரை ஆகஸ்டில் அறுவடையாகிவிடும். செப்டம்பர்முதல் மழைவரை நிலத்தைத் திறந்துவிடலாம். மாடுகள் தாராளமாக மேயட்டும். எங்கள் ஊரிலும் அறுத்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம் என்றார். தலைவருக்கு அது பிடித்திருந்தது. உழவர்கள் கையுயர்த்தத் தயாரானார்கள். அந்தப் பெண் மட்டும் உட்காரவில்லை. ஊர்க்காவலனைக் கைநீட்டிக் காட்டினார்.

"உழப் போகிறவர் இவர்தானே? இவரே சொல்லட்டும். உழுத பிறகு இங்கே இந்தப் புல் திரும்ப வருமா?"

ஜிதுபாய் கேள்வியைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இருபது ஏக்கரும் அந்த ஒரு விடையில் நின்றது. அது அவருக்கும் தெரியும், அருகிலிருந்த ஹரிபிரசாத்துக்கும் தெரியும்.

"அண்ணே, மழை பெஞ்சா கொஞ்சம் வரும்னு சொல்லுங்க. அதுவும் பொய் இல்லையே" என்றார் ஹரிபிரசாத், தமிழில், மெதுவாக.

ஊர்க்காவலன் குனிந்து தரையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார். அது செம்மண்; பொடியாக உதிர்ந்தது. கையைத் தட்டிக்கொண்டார்.

"வராது. கோடை உழவுல வேரோட பொரட்டிப் போட்டுருவேன். புல்லு வர விட்டா நான் சம்சாரியே இல்ல."

சம்சாரி என்றால் எங்கள் பக்கத்தில் உழவர். ஜிதுபாய் ஹரிபிரசாத்தைப் பார்த்தார். ஹரிபிரசாத் தலையசைத்த பிறகே மொழிபெயர்த்தார். அந்தப் பெண் உட்கார்ந்தார். பிறகு மேட்டு உழவர்களே தங்களுக்குள் வாதிடத் தொடங்கினார்கள். மாட்டுச் சாணம் இந்தப் பெண்களிடமிருந்துதான் தங்கள் மேட்டுக் காட்டுக்கு வருகிறது என்று ஒருவர் கத்தினார். கையுயர்த்தச் சொன்னபோது உயர்ந்த கைகள் போதவில்லை. மனு மறுக்கப்பட்டது.

பபாட்டிக்குத் திரும்பும் வழியில் ஹரிபிரசாத் கேட்டார்: "ஏன்ணே அப்படிச் சொன்னீங்க? தெரியாம வந்த வார்த்தையா?"

"தெரிஞ்சுதான் தம்பி."

"உங்க இருபது ஏக்கரும்லாண்ணே போச்சு."

"போச்சு. நான் வரும்னு சொல்லியிருந்தா அவுக ஒத்துக்கிடுவாக. அடுத்த வருசம் புல்லு இல்லன்னு தெரியாம அம்புட்டு மாடும் எறங்கும். அப்ப கம்ப எடுத்துக்கிட்டு வெரட்டுறது யாரு? நான். அச்சங்குளத்துல என் காட்டுக்கு ஒரு வாட்ச்மேன் நிக்கான். அந்த வேலைக்கா நான் கடல் தாண்டி வரணும்?"

விருதுநகரில் நல்லசிவம் கணக்குப் பார்த்தார். ஒரு சென்ட் நிலமும் இல்லாமல், வழக்கறிஞருக்கும் அளவைக்கும் பயணத்துக்கும் கம்பெனிப் பதிவுக்கும் போன தொகை, நல்ல நாளில் இரண்டு கப்பல் பெட்டித் துவரை வாங்கப் போதுமானது.

"ஒரு வார்த்தைக்கு இம்புட்டுச் செலவா?" என்றார்.

"என் சம்பளத்துல பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"உம்ம சம்பளத்துல பிடிச்சா, உம்ம பேரன் பேத்தி காலம் வரைக்கும் பிடிக்கணும். போயி மூட்டையப் பாரும்."

அவ்வளவுதான் நடந்தது. வேலையை விட்டு அவரை நிறுத்தவில்லை. ஹரிபிரசாத் மேட்டு உழவர்களிடம் நேராகத் துவரை வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டார், அது நிலைத்தது. ஊர்க்காவலனைத்தான் ஒன்றும் நிலைக்கவிடவில்லை. பேருந்தில் இப்போதும் நின்றுகொண்டுதான் போனார். ஆனால் காடுகளைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு மாலை வேலுத்தாய், இருக்கன்குடியில் தாம் என்ன வேண்டிக்கொண்டார் என்பதைச் சொல்லிவிட்டார்: "இந்த மனுசன் அம்புட்டுத் தூரம் போயிரக் கூடாதுன்னு வேண்டுனேன். ஆத்தா எனக்குக் கேட்டா, உங்களுக்குக் கேக்கல. நான் என்ன செய்ய?"

"ஆத்தா, அந்த மாட்டுக்காரம்மா, நீ. உன் கூட்டம்தான பெருசு" என்றார் அவர். அந்த ஆண்டில் அவர் சிரித்துப் பேசியது அதுவே முதல்முறை என்று வேலுத்தாய் சொல்வார்.

2009 பங்குனியில், கம்பெனி வெறுமனே போட்டிருந்த அந்த வெளியில் காய்ந்த புல் தீப்பிடித்தது. கொட்டகையை நெருங்கும் முன் ஆட்கள் தழை கொண்டு அடித்து அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் பார்வையிட வந்த அதிகாரி, இனி அந்த வெளியில் காய்ந்த புல் ஒன்றும் நிற்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். கம்பெனி மேலாளர் சுந்தரபாண்டி முள்ளை வெட்டி அகற்றச் செய்தார். புல்லை என்ன செய்வது என்று தெரியாமல், மாதந்தோறும் அரிவாளால் அறுக்க ஆள் பேசிக்கொண்டிருந்தார். சரம் பின்னும் பகுதியிலிருந்து வேலுத்தாய் எழுந்து போனார்.

"அறுத்தா மறுபடியும் வரும் சார். எங்க வீட்டுக்காரரு உழுதா வராது."

"நெசமாவா?"

"ஆப்பிரிக்கா வரைக்கும் போயிச் சொல்லிட்டு வந்திருக்காரு. அம்புட்டுச் சனமும் நம்பிருச்சு. நீங்க நம்ப மாட்டீகளா?"

மேலாளர் முதலில் அவருடைய பழைய மூன்று ஏக்கரை மட்டும் உழுதுகாட்டச் சொல்லி, சில நிபந்தனைகள் விதித்தார். டிராக்டர் கூடாது; புகைக்குழாயில் பொறி வரும். மாடு கட்டித்தான் உழ வேண்டும். வேலை நடக்காத ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வரலாம். பீடி, தீப்பெட்டி கூடாது. எதையும் விதைக்கக் கூடாது. துவரை மிளாறு காய்ந்தால் புல்லைவிட மோசமாக எரியும். வேலுத்தாய் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது குரல் தணிந்தது. ஊர்க்காவலன் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"வெதைக்காம உழுறது என்ன உழவு?" என்றார்.

"வேண்டாம்னா நான் சொல்லிருதேன்."

"வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்?"

பக்கத்து ஊரிலிருந்து ஒரு சோடி மாடு வாடகைக்கு வந்தது. ஆவணி வெயிலில் அவர் அந்த மூன்று ஏக்கரை மேற்கும் கிழக்குமாக ஒருமுறை, தெற்கும் வடக்குமாக ஒருமுறை உழுதார். கோரைக் கிழங்கையும் அருகம்புல் வேரையும் குனிந்து குனிந்து பொறுக்கி வரப்பில் எறிந்தார். கம்பிவேலிக்கு வெளியே வேலுத்தாய் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். ஆடு விரட்டும் காவலாளிப் பையன் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். முதலில் சாலையில் போனவர்கள் நின்று, "என்ன விதைக்கீக?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்ற பதிலைக் கேட்டு, அடுத்தடுத்த ஞாயிறுகளில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் சால் விலகாமல் உழுதார். திரும்பும் முனையில் மட்டும் மாட்டை நிறுத்தி, உழுததைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பார் என்று வேலுத்தாய் சொன்னார். அவர் நின்று பார்த்தது என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

அவ்வாண்டு ஐப்பசியில், விருதுநகர்ப் பேருந்துக்குக் காத்திருந்தபோது மார்வலி கண்டு ஊர்க்காவலன் காலமானார். அதற்கடுத்த வாரம் மழை இறங்கியது. கம்பிவேலிக்குள் மற்றவர் விற்ற காடுகளில் புல் முளைத்தது. அந்த மூன்று ஏக்கரில் முளைக்கவில்லை.

அவர் கடைசியாக அங்கே ஏர் பிடித்தது 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை.